இடது பக்கத்துக் கழனி

வேலை போன மறுநாள் காலை நான் செய்த முதல் காரியம் சட்டைக்கு இஸ்திரி போட்டதுதான். கம்பெனிக்குப் போன எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவன் இல்லை. அன்றைக்குக் காலர், கை, முதுகு என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவிக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்திருக்க வேண்டும்.

“இன்னாயா, வேல இருந்தப்போ கசங்கின சட்ட. வேல போனாக்கா மாப்ள சட்டயா? எங்க கெளம்பிட்ட?”

“பஸ்ஸுக்கு.”

“உன்னதான் இனிமே ஏத்தமாட்டானே.”

“ஏற இல்லடி. நிக்க.”

அவள் வந்து இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டுப் போனாள்.

அந்த ‘நிக்க’ என்பதுதான் என் பழிவாங்கும் திட்டம் முழுவதும். கேட்பதற்குச் சற்று மெலிவாகத்தான் இருக்கிறது. ஆகவே யாரைப் பழிவாங்கக் கிளம்பினேன், எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரகடம் பக்கத்தில் கார்களுக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி செய்கிற கம்பெனி ஒன்று. கண்ணாடிக்குப் பின்னால் பிளாஸ்டிக் மூடி இருக்குமே, அதைக் கையில் எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது என் வேலை. கீறல் இருக்கிறதா, தூசிப் புள்ளி இருக்கிறதா, பெயின்ட் மேடு பள்ளமாக ஓடியிருக்கிறதா. நல்லது நீலத் தொட்டிக்கு, கெட்டது சிவப்புத் தொட்டிக்கு. எட்டு வருஷம் இதையே செய்ததில் கண் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை முகத்தில் புள்ளி தேடுவேன். சாப்பாட்டு இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பேன்.

நான் காண்ட்ராக்ட் ஆள். எங்கள் ஷிப்டுக்கு ஓர் இன்சார்ஜ். மரியாதைக்கு ‘அவர்’ என்று எழுதலாம்தான்; கை வரமாட்டேன் என்கிறது. என் வயதுதான். மானாம்பதிப் பக்கத்து ஆள். நாங்கள் போகிற அதே கம்பெனி பஸ்ஸில்தான் அவனும் வருவான். வாசல் கதவை ஒட்டிய இடது பக்க ஜன்னல் சீட்டு அவனுடையது. அவன் லீவு போட்ட நாளில்கூட அதில் யாரும் உட்காரமாட்டோம். எதைச் சொன்னாலும் கடைசியில் மூக்கால் ஒரு ‘கரெக்டா?’ போடுவான். “கையுறை போடணும், கரெக்டா?” “பாத்ரூமுக்கு மூணு நிமிஷம்தான், கரெக்டா?” பதில் சொல்லக் கூடாது. சொன்னால் ஏன் பதில் சொன்னாய் என்பான்.

கம்பெனியில் தினமும் ஷிப்ட் தொடங்கும் முன் எல்லாரும் வரிசையில் நின்று பாதுகாப்பு உறுதிமொழி எடுக்க வேண்டும். ஒருவன் முன்னால் நின்று வரிவரியாகப் படிப்பான், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். முறை வைத்து வரும். பங்குனி மாதத்தில் ஒரு நாள் என் முறை வந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. “நான் எனது பாதுகாப்பையும்” என்று இன்சார்ஜ் குரலில் மூக்கால் ஆரம்பித்தேன். ஒருவனும் சிரிக்கவில்லை. அதனால் உற்சாகமாகி, “எனது சக தொழிலாளியின் பாதுகாப்பையும், கரெக்டா?” என்றேன். அறுபது பேரும் கையை நீட்டியபடி, பழக்கதோஷத்தில், அதே மூக்கால் “கரெக்டா?” என்றார்கள். அதற்குப் பிறகுதான், அவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்பது புரிந்தது. இன்சார்ஜ் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

அவன் வாட்சைப் பார்த்துவிட்டு லைனுக்குப் போனான். மறுநாள் காலை கேட்டில் என் கார்டைத் தேய்த்தேன். பச்சை விளக்கு எரியவில்லை, சிவப்பு எரிந்தது. துடைத்துத் தேய்த்தேன், எச்சில் தொட்டுத் தேய்த்தேன். சிவப்புதான். காண்ட்ராக்டருக்குப் போன் போட்டால், “லோடு கம்மியாம்பா. கூப்படறேன், இரு” என்றார். அப்போது இன்சார்ஜ் என்னைத் தாண்டி உள்ளே போனான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. செக்யூரிட்டியிடம் மட்டும், “வழில ஆளுங்கள நிக்க வுடாதீங்க, கரெக்டா?” என்றான்.

எட்டு வருஷம் ஒரே வரியில் முடிந்தது. அந்த வரியும் எனக்குச் சொல்லப்பட்டது இல்லை.

அன்று மூன்று பஸ் மாறி ஊருக்குத் திரும்பும்போது, பழையசீவரம் பாலத்தின் மேல் வைத்து முடிவு செய்தேன். அவன் வயிறு எரிய வேண்டும். அடிப்பது, திட்டுவது எல்லாம் என் உடம்புக்கு ஒத்துவராது. என்னை அடித்துவிட்டால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது? வேறு வழி தோன்றியது. கம்பெனி பஸ் தினமும் காலை ஆறரை மணிக்கு எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறது. அவனோ இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறான். ஆகவே தினமும் ஆறரைக்கு, சாலையின் இடது பக்கத்தில், நான் சந்தோஷமாக இருக்க வேண்டும். அவன் பார்க்க வேண்டும். ‘இவனுக்கு வேலை போனதே நல்லதாகிவிட்டதே’ என்று ஒரகடம் போய்ச் சேரும் வரை வெந்துகொண்டு போக வேண்டும்.

ஆகவே இஸ்திரி.

முதல் வாரம் நிறுத்தத்தில் நின்று, கையில் டீ கிளாஸுடன், போனைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தேன். போனில் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து அந்த பஸ்ஸில் போன ஆள் நான் ஒருவன்தான் என்பதால், இப்போது அது எங்கள் ஊரில் நிற்பதே இல்லை. வேகம் குறையாமல் புழுதியை என் சட்டையில் அடித்துவிட்டுப் போகும். புழுதிக்குள் நின்று சிரிப்பேன். இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டுப் புது புல்லட்டை இரவல் வாங்கிச் சாய்ந்து நின்றேன். சைலன்சர் சுட்டுக் காலில் கொப்புளம். சிரித்துக்கொண்டே சுட்டுக்கொண்டேன். மூன்றாவது வாரம் டீக்கடைக்காரர் என் மனைவியிடம், “எதுக்கும் வேலூர் பெரியாஸ்பத்திரில ஒருதபா காட்டும்மா” என்றாராம்.

புல்லட்டில் சாய்ந்து நிற்பதெல்லாம் போதாது, சொத்து தெரிய வேண்டும் என்று பட்டது. எங்கள் ஊர் எல்லையில் சாலைக்கு இடது பக்கம் ஏரிப் பாசனத்தில் நல்ல கழனி. அதைக் குத்தகைக்குப் பயிர் வைக்கிற ஓர் அக்கா. உறவு கிடையாது, ஊரே அக்கா என்று கூப்பிடுவதால் நானும். அவரிடம் ஒரு சிவப்பு டிராக்டர் இருந்தது, ஓட்டத்தான் ஆள் இல்லை. அதை ஓட்டிக்கொண்டிருந்தவன் அந்த மாசம்தான் ஒரகடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். என் இடத்துக்கே போயிருப்பானோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆறு இருபத்தைந்துக்குப் போய், கழனி ஓரம் நின்ற டிராக்டரில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு கை ஸ்டீரிங்கில், ஒரு கை தொடையில், பார்வை தூரத்தில். பஸ் போனது. மூன்றாவது நாள் மனசு நிறைந்து இறங்கப் போனால் கீழே அக்கா. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, கையில் மண்வெட்டி.

“இன்னாபா, போட்டோ புடிக்கவா வெச்சிகினு கீறேன் இத?”

“சும்மா பாத்தேங்கா.”

“மூணு நாளா பாக்கற. வண்டியும் உன்னப் பாத்துகினுதான் கீது. ஓட்டுவியா மாட்டியா?”

‘மாட்டேன்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாட்டேன் என்றால் நாளை ஆறரைக்கு உட்கார இடமில்லை. “ஓட்டுவேனே!” என்றேன். எனக்கு அதுவரை ஓட்டத் தெரிந்தது டிவிஎஸ் மொபெட்.

சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரிப் பட்டத்துக்குச் சேற்றுழவு. கழனியில் முழங்கால் தண்ணீர், டிராக்டருக்குப் பின்சக்கரத்தில் இரும்புக் கூண்டு மாட்டியிருந்தார்கள். எந்தக் கியர் எது என்று பக்கத்துக் கழனிக்காரரிடம் ஜாடையில் கேட்டுக்கொண்டு இறக்கினேன். இரண்டு சுற்று ஓடியது. மூன்றாவது சுற்றில், திரும்பக் கூடாத மூலையில் திருப்பி, ஏற்றக் கூடாத நேரத்தில் வேகத்தை ஏற்றினேன். பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி இறங்கியது. ஒரு நிமிஷத்தில் டிராக்டர் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, எருமை மாதிரி சுகமாகச் சேற்றில் படுத்துவிட்டது.

அப்போது தூரத்தில் பஸ் ஹாரன்.

என்ன செய்வது? இறங்கினால் தோற்றவன். சீட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்து, டீ ஊற்றிக் குடித்தேன். இப்படிச் சாய்த்து வைத்து டீ குடிப்பதுதான் இந்தப் பக்கத்துப் பண்ணையார்கள் வழக்கம் என்பதுபோல. பஸ் போய்விட்டது. வரப்பிலிருந்து அக்கா குரல்.

“இன்னா நைனா, மொளைக்கட்டும்னு நட்டு வெச்சிட்டியா?”

வேறு இரண்டு டிராக்டர் வந்து இழுத்து எடுக்க மத்தியானம் ஆனது. என்னைத் துரத்திவிடுவார் என்று நினைத்தேன். அவருக்கும் வேறு ஆள் இல்லை. “நாளிக்கு வா. ஆனா மூலைல இறங்கி நடந்து பாத்துட்டு அப்பால வண்டிய வுடு” என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. மீதியை அந்தச் சேறே உதைத்துக் கற்றுக்கொடுத்தது.

ஒரு நிபந்தனை மட்டும் நான் போட்டேன்: காலையில் இடது பக்கத்துக் கழனியில்தான் ஓட்டுவேன். வலது பக்கத்தில் என்றால் ஏழு மணிக்குப் பிறகு.

“ஏம்பா, ஜோசியக்காரன் எவனாச்சும் சொன்னானா?”

“ராசி கா.”

“உன் ராசில தீய வெக்க. அந்தாண்ட கயனி காய்து.”

இருந்தாலும் இடது பக்கமே முதலில் உழுதோம். ஆடி போய் ஆவணி வந்தது. ஏதோ ஒரு நாள் நான் டிராக்டரை மூலையில் திருப்பிவிட்டுத்தான் கவனித்தேன், யோசிக்காமல் திருப்பியிருக்கிறேன் என்று. கலப்பையை ஏற்றும் நெம்புகோலில் கை தானாகப் போய்த் தானாக வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கே வேடிக்கை. சேற்றுழவு முடிந்ததும் பலகை கட்டி இழுத்துக் கழனியைச் சமப்படுத்துவார்கள். பரம்படிப்பது என்று பெயர். அது சரியில்லை என்றால் மேட்டில் களை, பள்ளத்தில் நாற்று அழுகும். எங்கள் பக்கத்தில் நன்றாகப் பரம்படிக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். நான் முதல் தடவை பலகையோடு இறங்கியபோது காலை வெயில் தண்ணீரில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பார்த்தால், அப்படியே பெயின்ட் அடித்த மூடி. அங்கே ஒரு அலை, இங்கே ஒரு புள்ளி, அந்த ஓரத்தில் லேசாகத் தடிப்பு. எட்டு வருஷம் டியூப்லைட்டில் என்ன பார்த்தேனோ அதேதான், முக்கால் ஏக்கரில் படுத்துக்கிடந்தது. தடிப்பு இருந்த இடத்தில் பலகையை அழுத்தினேன், புள்ளி இருந்த இடத்தில் தூக்கினேன். மாலையில் தண்ணீர் விட்டபோது நாலு மூலையிலும் ஒரே கணுக்கால் அளவு நின்றது.

அக்கா நாலு மூலைக்கும் நடந்துபோய்க் காலை விட்டுப் பார்த்தார். திரும்பி வந்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் அவரிடம் வந்து, “அந்தப் பல்லக் காட்டிகினு நிப்பானே, அவன நம்ம கயனிக்கும் ஒருநாள் அனுப்புமா” என்று கேட்டதாகத் தெரிந்தது. கம்பெனியில் ஒரு மூடிக்குக்கூட என் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

இந்த இடத்தில் நான் பழிவாங்குவதை விட்டுவிட்டுத் திருந்தியிருப்பேன் என்று யாராவது நினைத்தால், என்னைத் தெரியாதவர்கள். ஒவ்வொரு நாளும் ஆறரைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தேன். நன்றாக உழுததே அவன் பார்க்கட்டும் என்றுதான். கோடு நேராக வந்தால், ‘பார்றா’ என்பேன். மழையில் நனைந்துகொண்டே பல்லைக் காட்டினேன். அவனிடம் நேரில் பேச வாய்ப்பு வந்தால் என்ன சொல்வது என்று டிராக்டர் சத்தத்தில் ஒத்திகையும் பார்த்தேன். ஒன்பது வசனம் தயார் செய்திருந்தேன். ஒன்றைவிட ஒன்று விஷம்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் பஜாரில் சலூனுக்குப் போயிருந்தேன். முகம் முழுக்க நுரை. பக்கத்து நாற்காலியிலும் ஒரு நுரை முகம். கண்ணாடியில் அது என்னைப் பார்த்துச் சிரித்தது. கம்பெனி பஸ் டிரைவர்.

“இன்னா நைனா! டிராக்டரு சூப்பரா ஓட்ற இப்போ. மொதல்ல சேத்துல சாச்சி வெச்சிகினு டீ குடிச்ச பாரு, அன்னிக்கு ஸ்டீரிங்க வுட்டுட்டு சிரிச்சன்யா.”

ஏழு மாசமாகக் காத்திருந்த விமரிசனம்.

“இன்சார்ஜ் இன்னா சொன்னான்?”

“எந்த இன்சார்ஜ்?”

“மொத சீட்டுபா. இடது பக்கம்.”

“அவனா? அவன் மானாம்பதில ஏறி கண்ண மூடினா ஒரகடம் சிக்னல்லதான் தொறப்பான். வாய மட்டும் தொறந்துகினு வருவான்.”

“மத்தவங்க?”

“முப்பத்தெட்டு பேரு. முப்பத்தெட்டும் கட்டதான். ஸ்கிரீன வேற இழுத்துவுட்டுக்குவானுங்க. உன் ஷோவ நான் ஒருத்தன்தான்யா டெய்லி பாத்துகினு கீறேன்.”

நான் திரும்பிவிட்டேன். சவரக்கத்தி கன்னத்தில் ஓடியது. “ஆடாதன்னு சொன்னா கேக்கறியா?” என்றார் சலூன்காரர்.

ரத்தம் வந்ததைவிட எரிந்தது வேறு. எட்டு வருஷம் அதே பஸ்ஸில் போனவன் நான். நான் ஏறும்போது அத்தனை பேரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கால்களைத் தாண்டித் தாண்டிப் போய் உட்கார்ந்து, அடுத்த புளியமரம் வருவதற்குள் நானும் தூங்கிவிடுவேன். இந்தச் சாலையில் இப்படி ஒரு கழனி இருப்பதையே எட்டு வருஷத்தில் ஒரு நாளும் பார்த்தவன் இல்லை. அப்படிப்பட்டவன், ஓடுகிற பஸ்ஸில் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவான் என்று எதை வைத்து நம்பினேன்? கீறல் பார்க்கத் தெரிந்த கண், முன்னால் போகிற முழு பஸ்ஸைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, “அப்போ வுட்டுருய்யா” என்றாள்.

“அவன தூக்கத்துலேந்து எயுப்பாம வுடமாட்டேன்.”

மார்கழியில் நவரைப் பட்டம். இந்தத் தடவை அக்காவுக்கு வலது பக்கத்துக் கழனியிலும் நடவு. கட்டுக் கட்டாகக் கட்டிய நாற்று முடிகளை இடது பக்கத்து நாற்றங்காலிலிருந்து டிரெய்லரில் ஏற்றிச் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். கடவுளே எனக்குக் குறுக்குச் சாலை போட்டுக்கொடுத்ததுபோல இருந்தது. பத்துப் பெண்கள் நடவுக்கு வந்து காத்திருந்தார்கள். பனி லேசாக. ஆறு முப்பத்திரண்டுக்கு ஹாரன் கேட்டதும் டிராக்டரைச் சாலைக்கு ஏற்றி, டிரெய்லர் இந்த ஓரமும் மூக்கு அந்த ஓரமுமாக, நட்டநடுவில் நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன்.

பஸ் வந்து நின்றது. டிரைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மெதுவாக இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். என் ஒரே ரசிகர்.

வண்டி நின்றால்தான் கம்பெனிக்காரர்களுக்கு முழிப்பு வரும். ஒருவன் இறங்கினான், பின்னால் பத்து, அதற்குப் பின்னால் எல்லாரும். பழைய தோழர்கள். “டேய், நீயாடா!” என்று ஒருவன் என் முதுகில் அறைந்தான். கம்பெனி பஸ் லேட்டானால் அதில் வருகிறவனுக்கு லேட் போடமாட்டார்கள். அதனால் எல்லாருக்கும் திருவிழா. “வண்டி ரிப்பேர்பா” என்றேன். “பொறுமயா ரிப்பேர் பண்ணு மாமு” என்றான் இன்னொருவன். இரண்டு பேர் டிராக்டர் மேல் ஏறி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். லேட்டானால் கஷ்டப்படப் போகிறவன் ஒருவன்தான். எட்டே காலுக்கு மேனேஜர் முன்னால் மீட்டிங்கில் நிற்க வேண்டியவன்.

அவன் இறங்கவில்லை.

படியில் ஏறிப் பார்த்தேன். முதல் சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, மடியில் டிபன் பை. கன்னத்தில் கொசு கடித்த தடிப்பு. எனக்குக் கோபம்கூட அவமானப்பட்டுப் போனது. இவனுக்காகவா மழையில் பல்லைக் காட்டினேன்? தோளில் கை வைத்து உலுக்கினேன். என் கை முழுக்கச் சேறு.

திடுக்கிட்டு எழுந்தான். “வந்திடுச்சா?” என்றபடி டிபன் பையை எடுத்துக்கொண்டு, கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைத் தாண்டி விறுவிறுவென்று படியிறங்கினான். இறங்கிய வேகத்தில் நாலு எட்டு நடந்து, வரப்பின் மேல் நின்று, கார்டைத் தேய்க்க மெஷினைத் தேடினான். எதிரே நாற்றங்காலில் நாற்று பறித்துக்கொண்டிருந்த சில பெண்கள். ஒரு கிழவி, “இன்னா சார், நாத்து நடவா?” என்றாள். முப்பத்தெட்டு பேரும் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழுந்து பறந்தன.

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தான். ஒன்பது வசனமும் என் தொண்டையில் வரிசையில் நின்றன. முதல் வசனத்துக்கு வாயைத் திறந்தேன்.

“அடடே, நீயா?” என்றான் அவன். “ஆளையே காணோமே. எந்த லைன்ல கீற இப்போ? நைட் ஷிப்டா?”

அவனுக்குத் தெரியவில்லை. என்னை நிறுத்தியதே அவனுக்கு ஞாபகம் இல்லை. எத்தனை கார்டைச் சிவப்பாக்கினானோ, அதில் நான் எத்தனையாவதோ. ஒன்பது வசனத்தில் ஒன்றுகூட இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. “இதான் சார் என் லைன்” என்று கழனியைக் காட்டினேன்.

“ஷிப்ட் முடிச்சிட்டு இது வேறயா? நல்ல விஷயம். ஒயைக்கணும், கரெக்டா?” என்றான். பிறகு வாட்சைப் பார்த்து முகம் மாறினான். “யப்பா, எனக்கு மீட்டிங் கீது. வழில நின்னுகினு கீறியே, வண்டிய எடு.”

அந்தப் பக்கத்திலிருந்து அக்கா குரல் வந்தது. “இன்னாபா ரோட்டுல மாநாடு? ஆளுங்க குந்திகினு கீறாங்க, நாத்து வாடுது. வரியா இல்லியா?”

அந்தக் குரல் என்னைத்தான் கூப்பிட்டது. அந்தச் சாலையில் அப்போது நாற்பது பேர் இருந்தார்கள். காத்திருந்தது எனக்காக மட்டும். “தோ வரேங்கா” என்று ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பட்டென்று கிளம்பியது. ரிப்பேர் என்ற பொய்யும் அதோடு போனது.

சாலையின் வலது ஓரத்தில் ஒரு பள்ளம் உண்டு. மடைத் தண்ணீர் வழிந்து எப்போதும் கட்டிச் சேறு. தினமும் அதைச் சுற்றித்தான் போவேன். அவசரத்தில் இன்சார்ஜ் வண்டிக்கு அந்தப் பக்கம் வந்து, நான் விலகியதும் பஸ்ஸுக்கு வழிகாட்டத் தயாராகப் பள்ளத்துக்கு இரண்டடி தள்ளி நின்றான். அதே வண்டியை எட்டு மாதம் முன்னால் கொடுத்திருந்தால், நான் அவன் மேல் ஏற்றியிருப்பேன், இல்லை நானே பள்ளத்தில் குடியேறியிருப்பேன். இப்போது எந்தச் சக்கரம் எங்கே இறங்கும், எவ்வளவு வேகம் கொடுத்தால் சேறு எவ்வளவு உயரம் எழும், எல்லாம் காலுக்கே தெரிந்திருந்தது. பின்சக்கரத்தை மட்டும் இறக்கி, ஒரே ஒரு அழுத்து அழுத்தினேன்.

டிபன் பை தப்பித்தது. மற்றபடி கால்சட்டை, நீலச் சட்டை, அடையாள அட்டையில் இருந்த போட்டோ, மேலே அசல் முகம், ஒரு புள்ளி விடாமல், மேடு பள்ளம் இல்லாமல், ஒரே சீராக.

“அய்யோ சார், பாக்கல சார்!” என்று கத்திக்கொண்டே கழனிக்குள் இறங்கிவிட்டேன்.

நாற்று முடிகளை இறக்கும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

“தெனம் அந்தப் பள்ளத்தச் சுத்திகினுதான வருவ. இன்னிக்கு இன்னா?”

“தவறிடுச்சி கா.”

“என் வண்டிபா அது. தவறுச்சா, தவற வுட்டியான்னு எனக்குத் தெரியாதா?” என்றார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “நட, நட. அந்த மூலைல இன்னும் ஒருதபா பலக போடணும்.”

அன்று மீட்டிங்கில் அவன் எப்படிப் போய் நின்றான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு நாலு பேருக்குப் போன் போட்டேன், ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. ஆனால் தை மாதத்தில் பஸ் டிரைவரைப் பார்த்தபோது அவர் ஒன்று சொன்னார். வண்டி கிளம்பியதும் இன்சார்ஜ் சேற்றைத் துடைத்துக்கொண்டே, ‘மொகம் தெரியுது, யாருய்யா அவன்?’ என்று கேட்டானாம். இவர் உறுதிமொழி கதையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து மானாம்பதியில் ஏறினால் கண்ணை மூடுவதில்லையாம். எங்கள் ஊர்க் கழனி வருவதற்கு முன்பே ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு, டிபன் பையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, வெளியே பார்த்துக்கொண்டே வருகிறானாம்.

காலையில் கொஞ்ச நேரத் தூக்கம். அவனிடமிருந்து நான் பிடுங்கியது அவ்வளவுதான். அது எனக்குப் போதும். அதற்கு மேல் ஆசை இல்லை. ஆறரைக்கு நான் எந்தக் கழனியில் இருந்தாலும் பஸ்ஸைப் பார்த்து ஒரு சலாம் போட்டுவிட்டு வேலையைத் தொடர்கிறேன். இன்றுவரை அவன் திருப்பிப் போட்டதில்லை.